பத்து நாள் லீவும் பத்து நிமிஷப் படிப்பும்



அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் சேர்த்து எப்படியும் பத்து நாள் வரும். "இதுகளை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது" என்று நாமெல்லாம் கவலைப்படும் நேரம் இது. நான் எழுத வந்தது வேறு கவலை. இந்தப் பத்து நாளில் உங்கள் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரிகிறதா என்று ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் போகுமா என்று சிரிக்க வேண்டாம். தெரியாத பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். பல வீடுகளில் அது பெற்றவர்களுக்கே தெரியாது.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறோம். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்து, பிள்ளைகள் படித்ததை எல்லாம் மறந்து போயிருந்தபோது, 'இல்லம் தேடிக் கல்வி' என்று அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கும். 2022-ல் அதில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டை மாடியில் பாய் விரிப்பது பழக்கமாகிவிட்டது. இப்போது ஒன்றாவது முதல் ஏழாவது வரை 17 பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ் மட்டும்தான் சொல்லித் தருகிறேன். "டீச்சரக்கா" என்று கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர்களோடு என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படிப்பதை தினமும் காதால் கேட்கிறேன். அதனால் தெரிந்துகொண்ட சில விஷயங்களை எழுதுகிறேன்.

எங்கள் லைனில் நாலாவது படிக்கும் ஒரு பொண்ணு இருக்கிறாள். தமிழ்ப் புத்தகத்தை எடுத்தால் கடகடவென்று படிப்பாள். அவள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். "என் பொண்ணு தமிழில் கெட்டிங்க அக்கா, இங்கிலீஷுக்குத்தான் ட்யூஷன் வைக்கணும்" என்று சொன்னார். நான் அவள் படித்த அதே பக்கத்தில், நடுவில் இருந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, இது என்ன கண்ணு என்றேன். முழித்தாள். பிறகு அந்த வரியை முதலில் இருந்து வாய்க்குள் முணுமுணுத்து, அந்த இடம் வந்ததும் டக்கென்று சொன்னாள். அதாவது பாடம் முழுக்க மனப்பாடம். டீச்சர் சொல்லச் சொல்ல, கூட இருக்கும் பிள்ளைகள் சொல்லச் சொல்ல, காதால் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். எழுத்தைப் பார்த்துப் படிக்கவே இல்லை. இப்படி எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொள்ள எத்தனை அறிவு வேண்டும்! மக்குப் பிள்ளையால் இது முடியாது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இப்படி வெளியில் தெரியாமல் தப்பித்துக்கொண்டே வருகிறார்கள்.

ஆகவே வீட்டில் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ஐந்து நிமிஷம் போதும். பாடப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். மளிகைச் சாமான் கட்டி வந்த பழைய பேப்பர், மாவு பாக்கெட், கல்யாணப் பத்திரிகை, எது கையில் கிடைக்கிறதோ அதைக் கொடுங்கள். ஒரு வரியைக் கடைசிச் சொல்லில் இருந்து முன்னால் நோக்கிப் படிக்கச் சொல்லுங்கள். படித்தால் சந்தோஷம். தடுமாறினால் திட்ட வேண்டாம். எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் என்ன, போகப் போக வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். தானாக வருவதில்லை சகோதரிகளே. எட்டாம் வகுப்பு வரை நம் ஊரில் ஃபெயில் கிடையாது. அது நல்லதுதான். ஃபெயில் போட்டால் பெண் பிள்ளையைத்தான் முதலில் நிறுத்துவார்கள். ஆனால் அதனாலேயே, வாசிக்கத் தெரியாத பிள்ளையும் வருஷா வருஷம் மேலே ஏறிப் போய், ஒன்பதாவதில் நாலு பக்க உரைநடைக்கு முன்னால் நிற்கும். அங்கே மனப்பாடம் கை கொடுக்காது. தமிழ் மட்டுமில்லை, அறிவியலும் வரலாறும்கூட அந்த எழுத்தில்தானே இருக்கிறது? கணக்கில் கெட்டியாக இருக்கும் பிள்ளைகூடக் கேள்வியைப் படிக்கத் தெரியாமல் விட்டுவிட்டு வருகிறது.

2022-ல் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் தமிழ்ப் பாடத்தில் மட்டும் 47 ஆயிரம் பேருக்கு மேல் தேர்ச்சி பெறவில்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் வரவே இல்லை. அப்போது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது, நீங்களும் படித்திருப்பீர்கள். வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். கொரோனாவும் ஒரு காரணம்தான். ஆனால் எங்கள் தெருவில் ஒன்பதாவதோடு நின்ற இரண்டு பெண்களைக் கேட்டால், "படிப்பு ஏறலைங்க அக்கா" என்றுதான் சொல்கிறார்கள். ஒருத்தி வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். இன்னொருத்தி இப்போது ஒன்றரை ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். இரண்டு பேரும் வாயாடிப் பெண்கள், நல்ல புத்திசாலிகள். படிப்பு ஏறவில்லை என்று அவர்கள் சொல்வது எனக்கு என்னவோ, எழுத்து ஏறவில்லை என்றுதான் காதில் விழுகிறது.

சரி, எங்கே தடுமாறுகிறார்கள்? தமிழில் எழுத்து 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. இத்தனையையும் வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால் பிள்ளைகள் பாட்டு மாதிரி ஒப்பித்துவிடும். ஆனால் நடுவில் ஒன்றைக் காட்டினால் தெரியாது. உண்மையில் 247-ஐயும் தனித்தனியாகப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. க, ச, ட, த, ப, ம என்று அகர வரிசை 18 எழுத்தும், கால், கொம்பு, சுழி என்று ஒட்டிக்கொள்ளும் குறிகளும் தெரிந்துவிட்டால் முக்கால்வாசி முடிந்தது. நான் ட, ப, ம மூன்றில் இருந்துதான் தொடங்குவேன். கோடு போட்டால் எழுத்து வந்துவிடும். அந்த மூன்றிலேயே படம், மடம், பட்டம் என்று சொற்கள் கிடைத்துவிடும். முதல் நாளே ஒரு சொல்லைத் தானாகப் படித்துவிட்ட பிள்ளை மறுநாள் கூப்பிடாமலே வரும்.

குறிகளில் இரண்டு இடம் ரொம்பக் கஷ்டம். ஒன்று, கொம்பு. 'கெ' என்று சொல்லும்போது க-வின் சத்தம் முதலில் வருகிறது. ஆனால் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது. 'கொ'வில் ஒரு பக்கம் கொம்பு, மறு பக்கம் கால். பிள்ளைகள் இடமிருந்து வலமாகப் படித்து, கொடியை 'கெ-ஆ-டி' என்று படிப்பார்கள். இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு நிற்கிறது, நடுவில் இருப்பவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று பார்ப்பது அடுத்தது. அந்தக் காலத்து ஏட்டில் கெ-வுக்கும் கே-வுக்கும் இப்போது மாதிரி வித்தியாசம் இல்லையாம். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர்தான் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். ஆக பெரியவர்களையே குழப்பிய விஷயம்தான், பிள்ளைகளைக் கோபிக்க வேண்டாம்.

இரண்டாவது, உகர வரிசை. கு, சு, டு, து, பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. கூ, சூ, டூ, தூ, பூ அதைவிட மோசம். இதற்கு விதி கிடையாது, பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். நான் இந்தப் பத்தை மட்டும் தனித்தனி அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் இன்னொன்றும் நடக்கும். அவர்கள் எழுதும் லை, னை, ணா, றா எல்லாம் வேறு மாதிரி இருக்கும். யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைத்து எழுதுவார்களே, அதுதான். பெரியார் சொன்ன எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-ல் அரசு ஏற்றுக்கொண்ட பிறகுதான் இப்போதைய எழுத்து பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அதனால் பாட்டி எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை தப்பு என்று சொன்னால், இரண்டு பேருமே சரிதான் என்று சொல்லி வையுங்கள். பழைய எழுத்தையும் படிக்கத் தெரிவது நல்லதுதானே?

அடுத்து ந, ண, ன. பெரியவர்களே தப்பு விடும் இடம். இதற்கு எங்கள் தமிழம்மா சொல்லிக் கொடுத்த ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'ட'வுக்கு முன்னால் நிற்பது மூன்று சுழி ண்: வண்டி, நண்டு. 'த'வுக்கு முன்னால் ந்: பந்து, சந்தை. 'ற'வுக்கு முன்னால் இரண்டு சுழி ன்: கன்று, நன்றி. அதனால்தான் அந்தக் காலத்தில் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே விதி இருக்கிறது பாருங்கள். இதைச் சொன்ன அன்று எங்கள் மாடியில் பிள்ளைகள் எல்லாம் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, "இதுவும் சரியா வருது டீச்சரக்கா, இதுவும் சரியா வருது" என்று ஒரே கூச்சல்.

இதையெல்லாம் விடப் பெரிய தடை ஒன்று உண்டு. புத்தகத்தில் இருக்கும் தமிழ் நாம் பேசும் தமிழ் இல்லை. வீட்டில் "தண்ணி குடி, உக்காரு, அங்க பாரு" என்கிறோம். புத்தகத்தில் 'நீர் அருந்தினான், அமர்ந்தான், நோக்கினான்' என்று இருக்கிறது. பிள்ளை கஷ்டப்பட்டு எழுத்துக் கூட்டி 'அ-ரு-ந்-தி-னா-ன்' என்று படித்து முடித்தாலும், அது என்னவென்று தெரியாததால் படித்த சந்தோஷம் வருவதில்லை. படித்த சொல் காதில் ஏற்கெனவே விழுந்த சொல்லாக இருந்தால்தான் பிடிக்கும். அதனால்தான் கதை சொல்லும்போதே, "அருந்தினான், அதான் குடிச்சான்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வேன். பாட்டி சொல்லும் கதையில் இந்தச் சொற்கள் எல்லாம் இயல்பாக வந்துகொண்டிருந்தன. இப்போது அந்த நேரத்தையும் செல்போன் எடுத்துக்கொண்டது. போனில் எதைத் தேடவும் எழுத்து வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்று ஆகிவிட்டது. நாமும் சொந்தக்காரர்களுக்கு எழுதி அனுப்புவதில்லை, பேசித்தான் அனுப்புகிறோம். வீட்டில் யாரும் தமிழில் நாலு வரி எழுதுவதையோ படிப்பதையோ பிள்ளை பார்ப்பதே இல்லை.

எங்கள் ஊர் விஷயம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று வடக்கில் இருந்து குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருகிறார்கள். என்னிடம் வரும் 17 பேரில் நாலு பேர் அந்தப் பிள்ளைகள். எல்லோரும் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம்தான். அவர்கள் அம்மாக்கள் என்னை "தீதீ" என்று கூப்பிடுகிறார்கள். இந்தப் பிள்ளைகள் தெருவில் விளையாடி ஆறே மாதத்தில் நம் கொங்குத் தமிழை "வாங்க, போங்க" என்று மரியாதையோடு பேசிவிடுகிறார்கள். எழுத்துக்கு வரும்போது அவர்களுக்கு வரும் சந்தேகங்கள் நமக்குத் தோன்றவே தோன்றாது.

பீகார் பொண்ணு ஒருத்தி கேட்டாள்: "கடல், தங்கம், பகல், மூணுலயும் ஒரே க போட்டிருக்கு, ஏன் மூணு மாதிரி படிக்கிறீங்க?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் மொழியில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனி எழுத்து. நமக்கு ஒரே எழுத்து. யோசித்துப் பார்த்துத்தான் சொன்னேன். சொல்லின் முதலில் வந்தாலும், பக்கம் என்று இரட்டித்து வந்தாலும் அழுத்திச் சொல். ங்-குக்குப் பின்னால் வந்தால் மெதுவாகச் சொல். இரண்டு எழுத்துக்கு நடுவில் தனியாக மாட்டிக்கொண்டால் காற்று விட்டுச் சொல். ச, ட, த, ப-வும் இப்படித்தான் இடத்துக்கு இடம் மாறும் என்று அவளோடு சேர்ந்து நாங்களும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துக்கொண்டோம். பிறந்ததில் இருந்து பேசும் மொழியில் இப்படி ஓர் ஒழுங்கு இருப்பது அவள் கேட்டதால்தான் என் கண்ணில் பட்டது.

ஒடிசா பையன் ஒருவன் ஐந்தாவது படிக்கிறான். அவன் பாஷையில் ள-வும் ண-வும் உண்டாம். 'பள்ளி', 'வெள்ளம்', 'கிணறு' எல்லாம் நம் பிள்ளைகளைவிட நன்றாகச் சொல்கிறான். 'வாழைப்பழம்' வந்தால் மட்டும் அவனும் விழுகிறான், நம் பிள்ளைகளும் விழுகிறார்கள். அதில் எல்லோரும் ஒரே ஜாதி. அவன் அம்மாவுக்குத் தமிழ் பேசவும் வராது. ஆஸ்பத்திரி சீட்டு, கரண்ட் பில், பஸ் போர்டு எல்லாவற்றையும் இவன்தான் படித்துச் சொல்கிறான். பத்து வயதுப் பையன் ஒரு குடும்பத்துக்கே கண்ணாக இருக்கிறான்.

இந்த லீவில் அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். ஆலப்புழையில் இருந்து திருப்பூர் வழியாகப் போகும் தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறினால் டிட்லாகரில் இறங்குவதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். அத்தை கல்யாணத்துக்குத்தான் போகிறார்கள். ஆனால் திரும்பி வருவது நிச்சயமில்லை, ஊரில் வேலை கிடைத்தால் இருந்துவிடலாம் என்று அப்பா யோசிக்கிறாராம். பையன் என்னிடம், "ரெண்டு மாசம் கழிச்சு வந்தா ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா டீச்சரக்கா?" என்று கேட்டான். அவன் அப்பாவிடமும் விவரமாகச் சொல்லி அனுப்பினேன். இதைப் படிக்கும் சகோதரிகளும் தெரிந்து வைத்திருந்து பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை வருஷத்தின் நடுவில் வந்தாலும் அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டி.சி. வரத் தாமதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. கம்பெனி மாறி, வீடு மாறித் திரியும் நம் ஊர்க் குடும்பங்களுக்கும் இதே சட்டம்தான். இது தெரியாமல் "ஜூன்ல சேத்துக்கலாம்" என்று ஆறு மாதம் வீட்டில் வைத்திருந்து, பிறகு பிள்ளை பள்ளிக்கூடமே போகாமல் நின்ற கதை எங்கள் பக்கத்தில் உண்டு.

அவன் அங்கே போனால் ஒடியா எழுத்து தெரியாது. இங்கே வராவிட்டால் தமிழ் மறந்துவிடும். இரண்டுமில்லாமல் போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலை. அவனுடைய தமிழ்ப் புத்தகத்தைப் பையில் வைத்து அனுப்பியிருக்கிறேன். அங்கே பள்ளியில் சேர்ந்தாலும் ராத்திரி ஒரு பக்கம் படி என்றேன். ஒரு எழுத்து கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு எழுத்து கூட்டிப் படிப்பது சுலபம். கூட்டும் வித்தை ஒன்றுதானே? அந்தத் தைரியத்தில்தான் அனுப்பியிருக்கிறேன்.

இனி லீவு விஷயத்துக்கு வருகிறேன். சில பள்ளிகளில் பாடத்தைப் பார்த்து ஐந்து தடவை எழுது, பத்து தடவை எழுது என்று ஹோம் ஒர்க் கொடுக்கிறார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு இது கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவது மாதிரி. கை வலிக்க அழகாக எழுதிக் கொண்டுவரும், என்ன எழுதினோம் என்று தெரியாது. ஹோம் ஒர்க்கை விட்டுவிடச் சொல்லவில்லை. எழுதுவதற்கு முன்னால் அந்த வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். அது ஒன்றே பாதிப் பலன் தரும்.

பொங்கல் வரை கம்பெனிக்கு லீவு கிடையாது. எங்கள் லைனில் அம்மாக்கள் எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வருகிறார்கள். அவர்களிடம் போய் "ஒரு மணி நேரம் பிள்ளையோடு உட்காருங்கள்" என்று சொன்னால் அது நியாயமா? பத்து நிமிஷம் போதும். நான் அவர்களிடம் சொல்லி, நடைமுறையில் நடந்த சில வழிகளை மட்டும் எழுதுகிறேன்.

இப்போது புது வருஷத்துக்குக் கடைக்காரர்கள் தினசரி காலண்டர் கொடுப்பார்கள். அதில் ஒவ்வொரு தாளிலும் 12 ராசிக்கும் ஒரு சொல் பலன் போட்டிருக்கும். லாபம், வெற்றி, பயம், செலவு, நன்மை என்று. காலையில் தாளைக் கிழிப்பது பிள்ளையின் வேலை, வீட்டில் உள்ள எல்லோருக்கும் பலன் படித்துச் சொல்வதும் அதன் வேலை என்று விட்டுவிடுங்கள். ஜோசியத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, தினம் 12 புதுச் சொல் காசு செலவில்லாமல் கிடைக்கிறது. ஒற்று, கொம்பு, கால் எல்லாமே அதில் வரும். அப்பாவுக்கு 'செலவு' என்று வந்தால் வீட்டில் ஒரு சிரிப்பும் வரும்.

மார்கழியில் எப்படியும் கோலம் போடப் போகிறோம். கோலமாவு மீதியில் அந்த ஓரத்தில் பிள்ளையை ஒரு எழுத்து எழுதச் சொல்லுங்கள். கு, சு, டு, து, பு வரிசைக்கு இது ரொம்ப நல்லது. விரலால் இழுத்துப் பழகிய எழுத்து மறப்பதில்லை. திருப்பாவை ஒப்புவிக்கும் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்கிறவர்கள், மனப்பாடம் ஆன பிறகு அதே பாட்டைப் புத்தகத்தில் விரல் வைத்துப் படிக்கவும் சொல்லுங்கள். காதுக்குத் தெரிந்த சொல் கண்ணுக்கும் தெரிந்துவிடும். பைபிள் வசனம் படிக்கும் வீட்டிலும், பரீட்சைக்குக் குறள் படிக்கும் வீட்டிலும் இதையே செய்யலாம்.

பெரிய பிள்ளை இருந்தால் சின்னதற்குப் படித்துக் காட்டட்டும். டி.வி. பார்க்கும்போது கீழே ஓடும் செய்தி வரியைப் படிக்கச் சொல்லுங்கள். வேகமாக ஓடுவதால் போட்டி மாதிரி ஆகிவிடும். ஊருக்குப் போனால் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்து ஊர்ப் பெயர்களைப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நூலகம் இருந்தால் ஒரு நாள் கூட்டிப் போய் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். படிக்கும்போது தப்பு வந்தால் உடனே நிறுத்தித் திருத்த வேண்டாம். வரி முடியட்டும். முடிந்த பிறகு அந்த ஒரு சொல்லை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னால் போதும்.

"எனக்கே படிக்கத் தெரியாதுங்க, நான் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று கேட்கும் அம்மாக்களுக்காக முக்கியமாக ஒன்று எழுத வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு 73 பேர்தான். அதாவது நாலில் ஒரு பெண்ணுக்கு மேல் இந்தக் கேள்வியைக் கேட்கும் நிலையில் இருந்தார்கள். அவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைக்குத் தேவை கேட்பதற்கு ஓர் ஆள். நான் முதலில் சொன்னேனே, அந்த நாலாவது படிக்கும் பொண்ணு, அவள் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. அவரிடம் சொன்னேன்: "நீங்க சரியா தப்பான்னு பார்க்க வேண்டாம். அவ படிக்கட்டும், நீங்க கேளுங்க. படிச்சு முடிச்சதும் 'இதுக்கு என்ன அர்த்தம், எனக்குப் புரியற மாதிரி சொல்லு'ன்னு மட்டும் கேளுங்க." அர்த்தம் சொல்ல வேண்டும் என்றால் மனப்பாடம் உதவாது, எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆடி மாதத்தில் ஆரம்பித்தார்கள். ராத்திரி சோறு வடித்துவிட்டு அந்த அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மகள் படிப்பாள். தூங்கிவிட்டார் என்று நினைத்து ஒரு வரியை விட்டுத் தாவினால், "என்னமோ இடிக்குது, மறுபடி படி" என்பாராம். பொண்ணு இப்போது புதுப் பக்கத்தையும் மெதுவாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். முன்பு மாதிரி கடகடவென்று வராது. அரையாண்டில் தமிழில் மார்க்கும் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான். முன்பு மனப்பாடமாக எழுதிய கேள்வி-பதிலை இப்போது சொந்தமாக எழுதப் பார்க்கிறாள், பிழை வருகிறது. அவள் அம்மா மார்க்கைப் பார்த்து முகம் வாடி என்னிடம் வந்தார். "இது அவளே எழுதின மார்க்குங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படின்னா சரிங்க அக்கா. எனக்கும் அந்த 'அ', 'ம்', 'மா' மட்டும் இப்ப அடையாளம் தெரியுதுங்க" என்றார்.

ஆகவே சகோதரிகளே, லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் மார்க் அட்டை கொடுப்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளை புதுசா ஒரு பக்கத்தைக் கொடுத்தா, தானா படிக்குதுங்களா?" எத்தனை மார்க், எத்தனையாவது ரேங்க் என்பதை எல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். நாம் கேட்க ஆரம்பித்தால் அவர்களும் கவனிப்பார்கள். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொன்றையும் தனியாகப் படிக்கச் சொல்லிக் கேட்க டீச்சருக்கு நேரம் கிடைப்பது கஷ்டம். வீட்டில் நமக்கு ஒன்றோ இரண்டோதானே?

உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேறு என்ன வழி செய்கிறீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். ஜனவரியில் மறுபடி பாய் விரிக்கும்போது எங்கள் மாடியிலும் செய்து பார்க்கிறோம்.

- ஒரு வாசகி, திருப்பூர்.